சிராங்கூன் சாலை சொல்லித் தரும் பாடம்

  

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் நம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களைச் சிங்கப்பூர் மாநகருக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரட்டுக் களத்து விளக்குகள் எரியத் தொடங்கும் முன்னரே பேருந்து புறப்பட்டுவிட்டது. ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து, வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே வண்டி சென்றபோது, சாளரத்தோரம் அமர்ந்திருந்த ஒரு மாணவன் என்னிடம் மெல்லக் கேட்டான்: "ஐயா, இவ்வளவு பெரிய ஊரில் நம்முடையது என்று ஏதாவது இருக்கிறதா?"

அவன் தந்தை பால் வெட்டுபவர். தாய் களையெடுக்கும் பிரிவில் வேலை செய்பவர். அவனுடைய கேள்வியில் வியப்பு மட்டுமன்று, சிறிது கூச்சமும் கலந்திருந்ததை உணர்ந்தேன். "தம்பி, இதற்கு நான் விடை சொல்ல மாட்டேன். மாலையில் நீயே சொல்" என்றேன். அன்று நாங்கள் கண்டவற்றை இங்கே முறையாக எழுதுகிறேன். சிங்கப்பூரைப் பார்த்தவர்கள் மீண்டும் நினைத்துப் பார்க்கவும், பாராதவர்கள் பார்ப்பதற்குமுன் படித்துக்கொள்ளவும் இக்கட்டுரை பயன்படுமாக.

நாடும் நகரமும்

சிங்கப்பூர் ஒரு தீவு. ஒரே நகரமே ஒரு நாடாகவும் விளங்குவது. நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே அமைந்துள்ளது. நம் ஜொகூர் மாநிலத்தோடு அதனை இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. 1965ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அந்நாட்டின் அதிகாரத்துவ மொழிகள்.

கடலைத் தூர்த்து நிலமாக்கி நகரத்தைப் பெருக்கியவர்கள் அவர்கள். தெலுக் ஆயர் தெரு என்பது முற்காலத்தில் கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியோர் முதலில் கால் வைத்த இடம் அது. இன்று அத்தெருவில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. உயர்ந்த மாடங்களே தெரியும். ஆயினும், பயணம் நலமாக முடிந்தமைக்கு நன்றி செலுத்தத் தமிழ் முஸ்லிம்கள் 1828-30ஆம் ஆண்டுகளில் கட்டிய நாகூர் தர்கா அங்கே இன்றும் நிற்கின்றது. கடல் விலகிப் போனாலும் கடல் கடந்து வந்தவர்களின் நன்றி விலகவில்லை.

தெருப்பெயர்களைப் படியுங்கள்

ஓர் ஊரைப் பார்க்கச் செல்பவர் கடைகளை மட்டும் பார்த்தல் போதாது. தெருப்பலகைகளையும் படித்தல் வேண்டும். லிட்டில் இந்தியா எனப்படும் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் இப்பாடத்தை நன்கு கற்கலாம்.

அங்கே 'பஃப்பலோ ரோடு' என ஒரு தெரு உண்டு. ஆங்கிலத்தில் அது எருமைச் சாலை. அதற்கு அண்மையில் 'கெர்பாவ் ரோடு'. மலாயில் அதுவும் எருமைச் சாலையே. அவ்வட்டாரத்தின் பழைய பெயராகிய 'கண்டாங் கெர்பாவ்' என்பதற்கு எருமைக் கொட்டில் என்று பொருள். ரோச்சோர் ஆற்றின் நீரும் தாழ்நிலத்துப் புல்லும் கால்நடைகளுக்கு ஏற்றவையாக இருந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு மாட்டு வாணிகம் செழித்தது. மாடு மேய்ப்பவரும், பால் கறப்பவரும், வண்டி ஓட்டுபவருமாக நம்மவர் பலர் இங்கே குடியேறினர். மாடுகள் சென்றுவிட்டன, பெயர்கள் நிலைத்துவிட்டன. பொங்கல் திருநாளையொட்டி இவ்வட்டாரத்திற்கு மாடுகளைக் கொண்டுவந்து நகரத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர். நம் பிள்ளைகளுக்கோ அக்காட்சி புதிதன்று!

'கண்டாங் கெர்பாவ்' என்னும் பெயரையே ஒரு மகப்பேற்று மருத்துவமனையும் தாங்கியது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அது அக்காலத்தில் ஓர் உலகச் சாதனை. எருமைக் கொட்டில் என்ற பெயருடைய இடத்தில் ஒரு நாட்டின் தலைமுறையே பிறந்தது. எனவே பெயரைக் கேட்டு எதனையும் இழிவாக எண்ணலாகாது.

'கம்போங் கப்பூர்' என்றால் மலாயில் சுண்ணாம்புக் கம்பம் என்று பொருள். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த இவ்வட்டாரத்தைத் தமிழரும் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே அழைத்தனர். அக்காளவாய்களில் சுட்டெடுத்த சுண்ணாம்பு இன்றி எந்தக் கட்டடமும் எழுந்திராது.

'தேக்கா' என்று நாம் அன்றாடம் சொல்லும் சந்தையின் பெயர் தமிழன்று. சீனத்தின் ஹொக்கியன் மொழியிலிருந்து வந்தது. மூங்கிற் புதரின் அடி என்பது அதன் பொருள். இன்றுள்ள சந்தைக் கட்டடம் 1982ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே நாங்கள் பசியாறினோம். ஒருபுறம் தோசை, மறுபுறம் சீனர் கடைக் கஞ்சி, எதிரே மலாய்க்காரர் விற்கும் நாசி லெமாக். அதே வட்டாரத்தில், கெர்பாவ் சாலையில், 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்ட டான் டெங் நியா என்னும் சீன வணிகரின் இல்லம் பல வண்ணங்களில் ஒளிர்கின்றது. லிட்டில் இந்தியா என்பது இந்தியர் மட்டும் வாழ்ந்த இடமன்று என்பதை அவ்வீடு எடுத்துரைக்கின்றது.

இனித் தேக்காவிலிருந்து பெருவிரைவு ரயிலில் ஒரு நிலையம் தள்ளிச் செல்வோம். அந்நிலையத்தின் பெயர் 'தோபி காட்'. மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் பெரிய நிலையம் அது. 'தோபி' என்றால் சலவைத் தொழிலாளி. 'காட்' என்றால் படித்துறை. வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கிருந்த ஓடையில் துணி துவைத்தனர். அத்தொழிலாளர் எவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்தம் தொழிலின் பெயரை நாள்தோறும் இலட்சக்கணக்கான மக்கள் உச்சரிக்கின்றனர்.

வழிபாட்டிடங்கள் கூறும் செய்தி

சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம் முன்னர் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்றே வழங்கப்பட்டது. காளவாயில் வெந்து உழைத்தவர்கள் வழிபட்ட கோயில் அது. இரண்டாம் உலகப் போரில் வானூர்திகள் குண்டு பொழிந்தபோது அருகில் வாழ்ந்த மக்கள் இங்கே அடைக்கலம் புகுந்தனர். சாலையின் மேற்பகுதியில் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் இராசகோபுரம் 1966ஆம் ஆண்டில் எழுந்தது. தைப்பூச நாளில் பால்குடமும் காவடியும் இங்கிருந்து புறப்பட்டுத் தேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயிலை அடைகின்றன.

டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசலைக் கண்டோம். இதன் கட்டுமானம் 1907இல் தொடங்கியது. முகப்பின்மேல் கதிரவனைப் போன்றதொரு வடிவம். அதற்கு இருபத்தைந்து கதிர்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இறைத்தூதரின் பெயர் அரபு மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் சிறிது தொலைவிலேயே அமைந்திருப்பதை மாணவர்கள் குறித்துக்கொண்டனர்.

சைனாடவுன் பகுதியில் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் ஆலயமே அந்நாட்டின் மிகப் பழைய இந்து ஆலயம். 1819ஆம் ஆண்டில் ராபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை என்பவர் தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை வைத்தவர். அவர் முயற்சியால் 1827இல் மரமும் அத்தாப்பும் கொண்டு இக்கோயில் முதலில் எழுந்தது. ஊருக்குப் புதிதாக வந்து தங்க இடமின்றித் தவித்த தமிழர்களுக்கு இக்கோயில் தங்குமிடமாகவும் உதவியது. 2019ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தன் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்தபோது, ஆற்றங்கரையில் ராபிள்சின் சிலைக்கு அருகே நாராயண பிள்ளையின் சிலையும் சில காலம் நிறுத்தப்பட்டது. செங்கல் சுட்டவருக்கும் ஆள வந்தவருக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைத்த நாள் அது.

பெயர் எழுதாத கட்டடக்காரர்கள்

நகர மண்டப ரயில் நிலையத்தின் அருகில் வெண்மை நிறத்துடன் புனித அந்திரேயர் பேராலயம் காட்சியளிக்கின்றது. 1856 முதல் 1861 வரை இதனைக் கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களின் கைதிகள் இங்கே வேலை வாங்கப்பட்டனர். சாலைகள் போட்டவர்களும், சதுப்பு நிலங்களைத் திருத்தியவர்களும், இன்று அதிபர் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவைக் கட்டியவர்களும் அவர்களே.

பேராலயத்தின் உட்சுவருக்குப் பூசிய சாந்து 'சென்னைச் சுண்ணம்' எனப்படும். கிளிஞ்சற் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்துக் குழைத்து, உலர்ந்தபின் தேய்த்து மெருகேற்றுவர். பளிங்குபோல் மின்னும். இக்கலை நம் நாட்டுக் கொற்றர்கள் அறிந்த கலை. தண்டனை முடிந்தபின் கைதிகளிற் பலர் ஊர் திரும்பாது அங்கேயே தங்கிவிட்டனர். அவர்கள் செய்த குற்றம் எதுவாயினும், உழைத்த உழைப்பு ஒரு நகரமாக நிற்கின்றது.

பால்மரத்தின் தாய்வீடு

பெற்றோர்களே, இப்பகுதி உங்களுக்கென்றே எழுதப்படுகின்றது.

லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து டவுன்டவுன் தடத்தில் மூன்றாம் நிலையம் பூமலை. பூமலை என்று தமிழர் அன்புடன் அழைக்கும் தாவரவியல் பூங்கா 1859ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2015ஆம் ஆண்டில் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. 1877ஆம் ஆண்டில் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒரு பகுதி இப்பூங்காவில் நடப்பட்டது. மற்றொரு பகுதி பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குச் சென்றது.

1888ஆம் ஆண்டில் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்னும் அறிஞர் அம்மரங்களை ஆராய்ந்தார். அதுவரை பால் எடுப்பவர்கள் மரத்தைக் கண்டபடி கொத்திக் காயப்படுத்தினர், மரம் நலிந்தது. பழைய வெட்டின் ஓரத்தையே நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவினால் பால் பெருகும், மரமும் நெடுங்காலம் வாழும் என்று ரிட்லி கண்டறிந்தார். பைநிறைய விதைகளை வைத்துக்கொண்டு, காண்போரிடமெல்லாம் ரப்பர் நடுமாறு வற்புறுத்தியதால் அவரைச் சிலர் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலி செய்தனர். பின்னர் அதே ரப்பர் இத்தீபகற்பத்தின் பெருஞ்செல்வமாயிற்று.

விடியற்காலையில் உளியைப் பிடித்து, பட்டையை மட்டும் சீவி, உள்ளிருக்கும் மரத்தில் காயம் படாமல் நிரை முடிக்கும் உங்கள் கைத்திறன் சாதாரணமானதன்று. அது ஆராய்ச்சியில் பிறந்து, தலைமுறை தலைமுறையாக உங்கள் விரல்களில் வளர்ந்த கலை. மங்கில் சொட்டிய பால் தாளாக உருமாறிச் சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வழியே உலகெங்கும் சென்றது. ரப்பர் வாணிகத்தால் அத்துறைமுகம் செழித்தது. ஆகவே அந்நகரத்தின் செல்வத்தில் தோட்டத்து வியர்வையும் ஒரு பங்காகும்.

ஒரு வெள்ளியின் வரலாறு

சிங்கப்பூர் நாணயமொன்றை எடுத்துப் பாருங்கள். அதில் 'சிங்கப்பூர்' எனத் தமிழிலும் பொறித்திருக்கும். ரயில் நிலையங்களிலும் அரசு அலுவலகங்களிலும் தமிழ் அறிவிப்புகளைக் காணலாம். இந்நிலை தானாக வந்ததன்று.

'தமிழ் முரசு' நாளிதழ் 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. அதனை வளர்த்த தமிழவேள் கோ. சாரங்கபாணி, 1950களில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியின் வழியாக மலாயா முழுவதுமுள்ள மாணவர்களை எழுதத் தூண்டினார். அக்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று அவர் போராடினார். 1956இல் இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. அத்துறையின் தமிழ் நூல்களுக்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். கொடுத்தவர்களுள் பெருஞ்செல்வர்களைக் காட்டிலும் தொழிலாளர்களே மிகுதி. தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களும் கொடுத்தனர். கல்லூரி வாயிலை மிதிக்காதவர்கள் பல்கலைக்கழகத்திற்கு நூல் வாங்கித் தந்தனர்!

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஒரு காலத்தில் பல தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பியதால் மாணவர் தொகை குறைந்தது. பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1946இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி இறுதிவரை நின்று 1982இல் மூடப்பட்டது. இன்று தமிழ் அங்கே தாய்மொழிப் பாடமாக நன்கு கற்பிக்கப்படுகிறது. உமறுப் புலவர் பெயரில் தமிழ்மொழி நிலையமும் இயங்குகின்றது. ஆயினும், கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் கற்கும் பள்ளி அங்கில்லை. நம் நாட்டிலோ ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. நம்முடையதும் அவற்றுள் ஒன்று. ஒரு பள்ளியை மூடுவதற்கு எவரும் பகைவராக வர வேண்டியதில்லை. பிள்ளைகள் வராதிருந்தாலே போதும். முதலாம் ஆண்டுப் பதிவுக்குரிய பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

மாலையில் கேட்ட கேள்வி

மாலை ஐந்து மணியளவில் மீண்டும் லிட்டில் இந்தியாவுக்கு வந்தோம். ஞாயிறு விடுமுறையாதலால் தமிழகத்திலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடியிருந்தனர். பணம் அனுப்புவோர், காய்கறி வாங்குவோர், கைப்பேசியில் தம் குழந்தையின் முகம் பார்ப்போர் எனச் சாலை முழுதும் நிறைந்திருந்தது. புல்வெளியில் அமர்ந்திருந்த ஓர் இளைஞர் எம் மாணவர்களைப் பார்த்து, "தம்பிகளா, எந்த ஊர்?" என்று அன்புடன் வினவினார். தாம் புதுக்கோட்டைப் பக்கம் என்றார். ஊரில் தங்கையின் திருமணக் கடன் இருக்கிறதாம். எதிரே எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தைச் சுட்டிக்காட்டி, "அதில் பன்னிரண்டாவது மாடி வரை நான் கம்பி கட்டியிருக்கிறேன்" என்றார். குரலில் பெருமை இருந்தது.

பிறகு, காலையில் என்னிடம் கேள்வி கேட்ட மாணவனை நோக்கி, "உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், தம்பி?" என்றார். மாணவன் விழித்தான். அவனுக்குத் தெரியவில்லை. உடன் நின்ற இருபத்துமூவருள் விடை சொன்னவர்கள் நால்வரே. தலைமையாசிரியனாகிய நானும் தலைகுனிந்தேன். அப்பாடத்தை நான் நடத்தியதே இல்லை.

திரும்பும் வழியில் அம்மாணவன் நெடுநேரம் பேசவில்லை. கடற்பாலத்தை அடைந்தபோது, "ஐயா, நம்மைப் போன்றவர்கள் கட்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அதில் பெயர் இல்லை" என்றான். "பெயரை யார் எழுத வேண்டும்?" என்று கேட்டேன். மறுவாரம் அவன் தன் பாட்டியிடம் கேட்டு, பாட்டனார் பிறந்த ஊர், கப்பலேறிய துறைமுகம், முதலில் சேர்ந்த தோட்டம் ஆகிய மூன்றையும் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வந்து காட்டினான். அன்று காலை அவன் கேட்ட கேள்விக்கு அதுவே விடை.

செல்வோர் கவனத்திற்கு

1. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதமாவது செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். வருகை அட்டையை இணையத்தில் முன்னரே நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் அரசின் தளத்தில் அதற்குக் கட்டணமில்லை. பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்.
2. சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு நம் ரிங்கிட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. விலையைப் பெருக்கிப் பார்த்தபின் வாங்குக.
3. மெல்லும் சவ்வுமிட்டாய் 1992 முதல் அங்கே விற்கவும் கொண்டுசெல்லவும் தடை செய்யப்பட்டுள்ளது. குப்பை போட்டால் தண்டம் உண்டு.
4. கோயில்கள் நண்பகலில் நடைசாத்தும், காலையிலேயே செல்க.
5. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தைத் தவறாது காண்க.

மாணவச் செல்வங்களே! பெருநகரைக் கண்டு மலைத்து நிற்க வேண்டா. ஒவ்வொரு சுவரையும் கண்டால், 'இதனைக் கட்டியவர் யார்?' என்று கேளுங்கள். அக்கேள்வி உங்களை உங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

பயிற்சி வினாக்கள்

1. 'கண்டாங் கெர்பாவ்', 'கம்போங் கப்பூர்', 'தோபி காட்' ஆகிய பெயர்களின் பொருளை எழுதுக.
2. சென்னைச் சுண்ணத்தில் சேரும் பொருள்கள் யாவை?
3. ரிட்லி கண்டறிந்த பால் வெட்டும் முறையைப் பற்றி உன் தந்தை அல்லது தாயிடம் கேட்டு ஐந்து வாக்கியங்களில் எழுதுக.
4. 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குத் தொழிலாளர்கள் ஏன் கொடுத்தனர்? உன் கருத்தைக் கூறுக.
5. உன் பாட்டனார் அல்லது பூட்டனார் பிறந்த ஊர் எது? வீட்டில் மூத்தோரிடம் கேட்டு எழுதி, வகுப்பாசிரியரிடம் காட்டுக. இவ்வினாவிற்கு அனைவரும் விடை எழுதுதல் வேண்டும்.